லேடெக்ல மேல்கோடு, கீழ்ப்புள்ளி எழுத்தெல்லாம் உடையுதா: அறிகுறியப் பாத்து சரி பண்ணுங்க

தருமபுரி கிருஷ்ணகிரி பக்கம் வரலாறு எடுத்து ஆராய்ச்சி பண்றவங்கள்ல நிறைய பேருக்கு நடுகல், கல்வெட்டு, அதியமான் இதுல ஏதாவது ஒண்ணு கண்டிப்பா உள்ள வந்துரும். தீசிஸ் இங்கிலீஷ்ல இருந்தாலும் ஊர் பேரு, மன்னர் பேரு, கல்வெட்டு வரி எல்லாத்தையும் ரோமன் எழுத்துக்கு மாத்தித்தான் போடணும், அதுல நெடிலுக்கு மேல கோடு, ட ண ள மூணுக்கும் கீழ புள்ளி, ழ ற ன மூணுக்கும் கீழ கோடு. மெட்ராஸ் யூனிவர்சிட்டி 1924ல இருந்து 1936 வரைக்கும் கொண்டுவந்த தமிழ் லெக்சிகன்ல இருக்கற முறை இது, 2001ல வந்த ஐஎஸ்ஓ 15919லயும் இந்த எழுத்துங்களுக்கு இதே குறிங்க தான். மேத்ஸ், பிசிக்ஸ் பசங்களுக்கு ஷ்ரோடிங்கர், போன்கரே, எர்டோஷ்னு வெளிநாட்டுப் பேருங்க. தீசிஸ அச்சுக்குக் கோத்துத் தர்ற லேடெக் சாஃப்ட்வேர்ல ரெண்டு பேருக்கும் வர்ற பிரச்சனை ஒண்ணு தான்.

கிருஷ்ணகிரி டேமுக்கு வர்ற தென்பெண்ணையவே எடுத்துக்கங்க. முதல்ல வர்ற ன்-க்கு கீழ கோடு, அடுத்து வர்ற ரெண்டு ண-வுக்கும் கீழ புள்ளி. ரோமன்ல மூணுமே என் தான், அடியில இருக்கற குறி மட்டும் தான் வேற. அந்தக் குறி விழுந்துட்டா எது றன்னகரம் எது டண்ணகரம்னு வெளிநாட்டுல உக்காந்து படிக்கறவருக்குத் தெரிய வழியே இல்ல. அவரு அத அப்படியே எடுத்து மேற்கோள் காட்டுவாரு, தப்பு அங்கயும் போயிடும். அதனால இத அழகுக்கு வைக்கற புள்ளி கோடுன்னு யாரும் விட்டுடாதீங்க, இது ஸ்பெல்லிங்.

சரி பண்றதுக்கு முன்னாடி ஒண்ணு மனசுல வெச்சுக்கங்க. ஒரு எழுத்து கீபோர்டுல இருந்து பிடிஎஃப் போய்ச் சேர மூணு இடம் ஒத்துப்போகணும்: ஃபைல் எந்த என்கோடிங்ல (எழுத்த நம்பரா மாத்தி வைக்கற முறை) சேவ் ஆயிருக்கு, லேடெக் அத எந்த என்கோடிங்னு நெனச்சுப் படிக்குது, கடைசில ஃபான்ட்டுக்குள்ள அந்த எழுத்து இருக்கா இல்லையா. எந்த இடத்துல ஒடஞ்சிருக்குன்னு அறிகுறியே சொல்லிடும். அது தெரியாம உக்காந்து எழுத்த ஒண்ணொண்ணா மாத்துனா 200 பக்க தீசிஸ்ல ராத்திரி பூரா போயிடும், மறுநாள் வேற இடத்துல ஒடையும்.

ஒரு எழுத்துக்குப் பதிலா ரெண்டு மூணு குப்பை எழுத்து வருது

அரூர்ல இருந்து வந்த ஒரு பொண்ணு, "அண்ணா, என் லேப்டாப்ல நல்லாத்தான் வருது, இங்க ஓப்பன் பண்ணா பூரா குப்பையா வருது"ன்னாங்க. ஃபைல் கெட்டுப்போகல, இந்த சிஸ்டம் அத வேற என்கோடிங்ல படிக்குது, அவ்ளோ தான்.

குப்பையோட முகத்தப் பாத்தே கண்டுபிடிக்கலாம். இங்கிலீஷ் ஏ எழுத்து மேல நெளிகோடு, பக்கத்துல காபிரைட் குறி வந்தா அது இங்கிலீஷ் ஈ மேல சாய்கோடு இருக்கற போன்கரே எழுத்து, இப்ப வழக்கத்துல இருக்கற யூடிஎஃப்-8 என்கோடிங்ல அது சி3, ஏ9ன்னு ரெண்டு பைட்டு, பழைய மேற்கத்திய என்கோடிங்ல படிச்சா ரெண்டும் தனித்தனி எழுத்தா தெரியுது. ஏ மேல சாய்கோடு, கூடவே தூக்கிப் போட்ட சின்ன 1 வந்தா அது நம்ம கீழ்ப்புள்ளி ட, ண, இல்லன்னா கீழ்க்கோடு ற, ன. ஏ மேல இடப்பக்கம் சாஞ்ச கோடு, பக்கத்துல ரெஜிஸ்டர்ட் குறி, இதே ஜோடி வரி பூரா திரும்பத் திரும்ப வந்தா அது தமிழே தான், தமிழ் எழுத்து ஒவ்வொண்ணும் யூடிஎஃப்-8ல மூணு பைட்டு.

எடிட்டர்ல பாக்கும்போதே குப்பையா இருக்கா, இல்ல எடிட்டர்ல நல்லா இருந்து பிடிஎஃப்ல மட்டும் குப்பையான்னு முதல்ல பாருங்க. பிடிஎஃப்ல மட்டும்னா டெம்ப்ளேட்டோட தலைப்பகுதில (பிகின் டாகுமென்ட்டுக்கு மேல இருக்கற வரிங்க) இன்புட்என்க் பேக்கேஜ்ல லேட்டின்1ன்னோ ஆன்சிநியூன்னோ இருக்கும். சீனியர் கிட்ட இருந்து சீனியர் வாங்கி வாங்கி கைமாறி வந்த டெம்ப்ளேட்ல இது ரொம்ப சகஜம். அத யூடிஎஃப்8ன்னு மாத்துங்க. 2018 ஏப்ரல் ரிலீஸுக்கு அப்புறம் வந்த லேடெக்னா அந்த வரியே வேண்டாம், யூடிஎஃப்-8 தான் டிஃபால்ட்டு.

எடிட்டர்லயே குப்பைன்னா இங்க கொஞ்சம் நிதானமா பண்ணணும், நிறைய பேரு ஃபைல நிரந்தரமா கெடுத்துக்கறது இந்த இடத்துல தான். விஎஸ் கோட்ல கீழ வலது மூலைல என்கோடிங் பேரு இருக்கும், அத கிளிக் பண்ணா ரெண்டு ஆப்ஷன் வரும். ரீஓப்பன்ங்கறது அதே பைட்டுங்கள வேற கண்ணாடி போட்டுப் பாக்கறது, ஃபைல தொடாது. சேவ்ங்கறது பைட்டுங்களையே மாத்தி எழுதிடும். குப்பை தெரியறப்ப முதல்ல ரீஓப்பன் பண்ணிப் பாருங்க, எழுத்து ஒழுங்கா தெரிஞ்ச பின்னாடி தான் யூடிஎஃப்-8ல சேவ். குப்பையோட சேவ் பண்ணிட்டா குப்பையே ஒரிஜினல் ஆயிடும், மறுபடி ஓப்பன் பண்ணா ரெண்டு எழுத்து குப்பை நாலாகும். நோட்பேட்++லயும் இதே கதை, என்கோடிங் மெனுல மேல இருக்கற யூடிஎஃப்-8 பாக்கறதுக்கு, கன்வெர்ட்னு ஆரம்பிக்கறது மாத்தறதுக்கு.

"இன்வாலிட் யூடிஎஃப்-8 பைட்"னு எரர்

முன்னாடி சொன்னதோட தலைகீழ். லேடெக் யூடிஎஃப்-8ன்னு நெனச்சுப் படிக்குது, ஃபைல் ஆன்சிங்கற பழைய என்கோடிங்ல சேவ் ஆயிருக்கு. விண்டோஸ் 10ல 1903 அப்டேட் வர்றவரைக்கும் நோட்பேட் டிஃபால்ட்டா ஆன்சில தான் சேவ் பண்ணும், அதனால பழைய கம்ப்யூட்டர்ல டைப் பண்ண சாப்டருங்களுக்கு இது வரும். சரியான என்கோடிங்ல ரீஓப்பன், அப்புறம் யூடிஎஃப்-8 சேவ், முடிஞ்சுது. ஒரு சாப்டர் மட்டும் ஒடையுது மத்ததெல்லாம் ஓடுதுன்னா அந்த ஒரு ஃபைல மட்டும் மாத்துனா போதும், மெயின் ஃபைல்ல கை வைக்காதீங்க.

எரர் சாப்டர்ல இல்லாம, ரெஃபரன்ஸ் லிஸ்ட் இருக்கற பிபிஎல் ஃபைல்ல காட்டுச்சுன்னா விஷயம் வேற, அது கீழ ரெஃபரன்ஸ் லிஸ்ட் பகுதில இருக்கு.

"யூனிகோட் கேரக்டர் நாட் செட் அப் ஃபார் யூஸ் வித் லேடெக்"

இந்த எரர்ல பயப்பட ஒண்ணுமில்ல, எந்த எழுத்துன்னு நம்பரோட சொல்லிடுது. அந்த நம்பரப் படிங்க.

1இ49ன்னு வந்தா கீழ்க்கோடு ன. லேடெக்க வழக்கமா ஓட்டற பிடிஎஃப்லேடெக்குக்கு அந்த எழுத்த எப்படிப் போடறதுன்னு யாரும் சொல்லித்தரல, நீங்க சொல்லித்தரணும். தலைப்பகுதில டிக்ளேர்யூனிகோட்கேரக்டர் கமாண்ட போட்டு முதல் அடைப்புல 1இ49, ரெண்டாவது அடைப்புல பேக்ஸ்லாஷ் பி, அதுக்குள்ள என். ஒரு தடவ போட்டா தீசிஸ் பூரா சரியாயிடும். 1இ5எஃப் வந்தா ற, 1இ3பி வந்தா ழ, அதுங்களுக்கும் இதே வழி.

0301, 0304, 0323, 0331 இப்படி 0300ல இருந்து 036எஃப்க்குள்ள வந்தா எழுத்தும் குறியும் தனித்தனியா சேவ் ஆயிருக்குன்னு அர்த்தம். கண்ணுக்கு ஒரே எழுத்தா தான் தெரியும், உள்ள வெறும் ஏ-வும் பின்னாடியே மேல்கோடும் ரெண்டு கேரக்டரா இருக்கும். வேற பிடிஎஃப்ல இருந்து காப்பி பண்றப்ப இது அதிகம் வருது. பைத்தான் தெரிஞ்சவங்க யூனிகோட்டேட்டா மாட்யூல்ல என்எஃப்சின்னு நார்மலைஸ் பண்ணா ஒரே ஓட்டத்துல எல்லாம் சேந்துரும், தெரியாதவங்க எடிட்டர்ல ஃபைண்ட் ரீப்ளேஸ்ல ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு தடவ மாத்திக்கலாம், ரோமன் தமிழுக்கு மொத்தமே கொஞ்சம் எழுத்து தானே.

200பி, 200சி, எஃப்இஎஃப்எஃப் வந்தா கண்ணுக்கே தெரியாத கேரக்டர். வாட்ஸ்அப்ல வந்த பாராவ அப்படியே பேஸ்ட் பண்ணா கூடவே வந்து ஒட்டிக்கும். எரர் சொல்ற வரிய மொத்தமா அழிச்சுட்டு கையால டைப் பண்றது தான் சீக்கிரம். பழைய லேடெக்ல முதல் வரிக்கே "மிஸ்ஸிங் பிகின் டாகுமென்ட்"னு கத்துனா அந்த எஃப்இஎஃப்எஃப் ஃபைலோட தலைல உக்காந்திருக்கும், அதுக்குப் பேரு பிஓஎம், பிஓஎம் இல்லாத யூடிஎஃப்-8ன்னு சேவ் பண்ணுங்க.

"அன்டிஃபைன்ட் கன்ட்ரோல் சீக்வென்ஸ்", அதுவும் பேருக்கு நடுவுல

இது பழைய பேக்ஸ்லாஷ் கமாண்டுங்க சம்பந்தப்பட்டது. 1990ல டெக் 3 வர்றவரைக்கும், லேடெக்குக்கு அடியில ஓடற டெக்குக்கு 128 கேரக்டருக்கு மேல உள்ள வாங்கத் தெரியாது, அதனால குறி போட்ட எழுத்து எல்லாத்துக்கும் கமாண்டு தான். இப்பவும் அதெல்லாம் ஓடுது, தப்பே இல்ல. சொல்லப்போனா பென்டிரைவ், மெயில், வாட்ஸ்அப்னு எதுல போனாலும் ஒடையாம வர்றது அந்த பழைய முறை தான். பழைய தீசிஸ் சோர்ஸ் கைக்கு வந்தா கமாண்ட எல்லாம் நேரடி எழுத்தா மாத்தணும்னு கிளம்பாதீங்க, தேவையில்லாத வேலை.

நெடிலுக்கு பேக்ஸ்லாஷ், சமக்குறி, எழுத்து. ஞ-வுக்கு பேக்ஸ்லாஷ், நெளிகோடு, என், இதுல பேக்ஸ்லாஷ் விட்டுப்போனா நெளிகோடு வெறும் ஸ்பேஸா மாறி அஞ்சிங்கற பேரு ரெண்டா ஒடைஞ்சு நிக்கும், எரரும் வராது. கீழ்ப்புள்ளிக்கு டாட்டோட முதல் எழுத்து, கீழ்க்கோட்டுக்கு பாரோட முதல் எழுத்துன்னு ஞாபகம் வெச்சுக்கங்க. ங-வுக்கு பேக்ஸ்லாஷும் ஒரு முற்றுப்புள்ளியும், புள்ளி மேல வரும்.

எரர் எங்க வருதுன்னா, சமக்குறி நெளிகோடு மாதிரி குறில முடியற கமாண்டுக்குப் பின்னாடி எழுத்த ஒட்டிப் போடலாம், ஆனா எழுத்துல முடியற கமாண்ட ஒட்டிப் போட்டா லேடெக் ரெண்டையும் சேத்து ஒரே கமாண்டா படிச்சுரும். பேக்ஸ்லாஷ் பி என்-னு ஒட்டி அடிச்சா பிஎன்-னு ஒரு கமாண்ட தேடும், கிடைக்காது. நெளி அடைப்பு போட்டு உள்ள என் வைங்க. டென்மார்க் பேரு சோரன்சன்ல வர்ற வெட்டுன ஓ-வும் அப்படித்தான், கமாண்ட மட்டும் தனியா அடைப்புக்குள்ள வெச்சுட்டு மிச்சப் பேர வெளிய எழுதுங்க.

எர்டோஷ்ல ஓ மேல இருக்கறது ரெண்டு சாய்கோடு, ரெண்டு புள்ளி இல்ல. அதுக்கு பேக்ஸ்லாஷ் பெரிய எச். ரெண்டு புள்ளி ஷ்ரோடிங்கருக்கு, அது பேக்ஸ்லாஷ் இரட்டை மேற்கோள். ழ-வுக்கு பதிலா ள போட்டா நமக்கு எப்படி சுருக்குன்னு இருக்கும், ஹங்கேரிக்காரருக்கும் அப்படித்தான் இருக்கும். தீர்த்தமலை மாதிரி ஈ-காரம் வர்ற இடத்துல ஐ-யோட புள்ளிக்கு மேலயே கோடு போய் உக்காந்தா, ஐ-க்கு பதிலா பேக்ஸ்லாஷ் ஐ போடுங்க, அது புள்ளி இல்லாத ஐ.

கீழ்ப்புள்ளி எல்லாம் திடீர்னு காணோம், வெறும் நேர் டி வந்து நிக்குதுன்னா மேத்ஸ் டெம்ப்ளேட்டப் பாருங்க. இன்டக்ரல்ல வர்ற டிஎக்ஸுக்காக யாரோ பேக்ஸ்லாஷ் டி-யையே மாத்தி எழுதி வெச்சிருப்பாங்க, வெக்டருக்காக பி-யையும் மாத்தியிருப்பாங்க. நியூகமாண்ட்னா லேடெக்கே ஏற்கனவே இருக்குன்னு தடுத்துரும், ரினியூகமாண்டோ டெஃப்போ போட்டிருந்தா சத்தமே இல்லாம மாத்திடும். அந்தக் கமாண்டுக்கு வேற பேரு வைங்க.

டேபிங்ல போட்ட மன்னர் பட்டியல்ல மட்டும் மேல்கோடு காணாமப் போகுது

பாராவுல அதியமான் ஒழுங்கா வரும், அதே பேரு டேபிங் என்விரான்மென்ட் உள்ள போனா மேல்கோடு மாயமாயிடும், பட்டியலோட நெட்டு வரிசையும் கோணலா போகும். ஏன்னா டேபிங் உள்ள பேக்ஸ்லாஷ் சமக்குறிக்கு அர்த்தமே வேற, இங்க ஒரு டேப் நிறுத்தம் வைன்னு அர்த்தம். ரெண்டு சாய்கோட்டுக் கமாண்டும் அங்க இதே மாதிரி வேற வேலை பாக்குது. லேடெக்ல இதுக்கு வழி வெச்சிருக்காங்க, டேபிங் உள்ள மட்டும் பேக்ஸ்லாஷுக்கும் குறிக்கும் நடுவுல ஒரு சின்ன ஏ: பேக்ஸ்லாஷ், ஏ, சமக்குறி, அப்புறம் எழுத்து. எரர் எதுவும் வராததால இத ப்ரூஃப் பாக்கறப்ப கண்டுபிடிச்சா தான் உண்டு, நடுகல் பட்டியல், ஊர்ப் பட்டியல் டேபிங்ல வெச்சிருக்கறவங்க ஒரு தடவ தனியா உக்காந்து பாருங்க. என்ன கேட்டா பட்டியல டேபுலர்லயே போடுங்க, அங்க இந்த வம்பு கிடையாது.

எரரே இல்ல, ஆனா பிடிஎஃப்ல எழுத்து இருக்கற இடம் காலியா இருக்கு

இது பிடிஎஃப்லேடெக்குக்குப் பதிலா, யூனிகோட நேரடியா படிக்கற ஸீலேடெக், லுவாலேடெக் ஓட்டறவங்களுக்கு. ஃபைல் சரி, படிக்கறதும் சரி, மூணாவது இடம் ஒடைஞ்சிருக்கு: ஃபான்ட்ல அந்த எழுத்து இல்ல. ஸ்க்ரீன்ல ஒண்ணும் காட்டாது, லாக் ஃபைல தொறந்து "மிஸ்ஸிங் கேரக்டர்"னு தேடுனா எந்த ஃபான்ட்ல எந்த எழுத்து இல்லைன்னு வரிசையா எழுதியிருக்கும். பைண்டிங்குக்குப் போறதுக்கு முன்னாடி இந்தத் தேடல் கட்டாயம். தலைப்பகுதில ட்ரேசிங்லாஸ்ட்கேர்ஸ் சமக்குறி 3ன்னு போட்டு வெச்சா டெக் லைவ் 2021ல இருந்து இத எரராவே நிறுத்திக் காட்டும், நான் எல்லாருக்கும் இதப் போடச் சொல்றேன்.

ஜென்டியம், காரிஸ், நோட்டோ செரிஃப் மூணுலயும் நம்ம ரோமன் தமிழ் எழுத்து எல்லாம் இருக்கு, மூணும் இலவசம். டைம்ஸ் நியூ ரோமன் தான் வேணும்னு ரூல் இருந்தா ஒரு பக்கத்துல எல்லாக் குறியெழுத்தும் டைப் பண்ணி ஓட்டிப் பாத்துட்டு மேல போங்க.

டெம்ப்ளேட்ட பிடிஎஃப்லேடெக்ல இருந்து ஸீலேடெக்குக்கு மாத்துனா இன்புட்என்க், ஃபான்ட்என்க் ரெண்டு வரியையும் எடுத்துட்டு ஃபான்ட்ஸ்பெக் போடுங்க. பழைய பேக்ஸ்லாஷ் கமாண்டுங்க அங்கயும் அப்படியே ஓடும்.

பிடிஎஃப் பாக்க நல்லா இருக்கு, ஆனா தேடுனா கிடைக்கல, காப்பி பண்ணா குறி தனியா விழுது

இந்திய ஆய்வேடுங்கள ஆன்லைன்ல வைக்கற சோத்கங்காவுல தீசிஸ் ஏறுனதுக்கு அப்புறம் தகடூர்னு தேடறவருக்கு உங்க ஆய்வேட்டுல தகடூர் சிக்கலைன்னா எழுதி என்ன பிரயோஜனம்? பிடிஎஃப்லேடெக் டிஃபால்ட்டா ஓடி1 ஃபான்ட் என்கோடிங்ல போகுது, அதுல 128 இடம் தான், குறி போட்ட எழுத்துன்னு தனியா எதுவும் இல்ல, எழுத்து ஒண்ணு குறி ஒண்ணுன்னு மேல மேல வெச்சு வரையுது. பாக்க ஒண்ணா தெரியும், காப்பி பண்ணா பிரிஞ்சிடும். வரி முடிவுல சொல் சரியா ஒடையாம மார்ஜின தாண்டறதுக்கும் இதே காரணம்.

ஷ்ரோடிங்கர் போன்கரே வகைக்கு ஃபான்ட்என்க் டி1ன்னு போட்டு கூட எல்மாடர்ன் ஃபான்ட் பேக்கேஜ் சேத்தா போதும், டி1ல 256 இடம், ஐரோப்பிய எழுத்துங்க பெரும்பாலும் உக்காந்திருக்கு. எல்மாடர்ன் விட்டுட்டு டி1 மட்டும் போட்டா சில இன்ஸ்டலேஷன்ல எழுத்து ஸ்க்ரீன்ல மங்கலா வரும்.

ஆனா நம்ம மேல்கோடு ஏ, கீழ்ப்புள்ளி, கீழ்க்கோடு எதுக்கும் டி1லயும் இடம் கிடையாது. அதனால கல்வெட்டு, நடுகல் தீசிஸ்னா முதல் நாள்லயே ஸீலேடெக்கோ லுவாலேடெக்கோ எடுத்துருங்கன்னு தான் சொல்வேன், பாதில மாத்தறது கஷ்டம். மேத்ஸ் பசங்க பிடிஎஃப்லேடெக்லயே இருக்கலாம். ஆன்லைன்ல லேடெக் ஓட்டற ஓவர்லீஃப்ல இருக்கறவங்களுக்கு கம்பைலர் மாத்தறது மெனுல ஒரு கிளிக் தான்.

ரெஃபரன்ஸ் லிஸ்ட்ல மட்டும் பேரு ஒடையுது

ரெஃபரன்ஸ் லிஸ்ட்ட அடுக்கித் தர்ற பழைய பிப்டெக் பைட்டு பைட்டா தான் எண்ணும். இனிஷியல் மட்டும் காட்டற ஸ்டைல்ல பிரெஞ்சு கணித மேதை எலி கார்ட்டன் பேர நேரடி எழுத்துல குடுத்தா முதல் எழுத்து ரெண்டு பைட்டு, பிப்டெக் முதல் பைட்ட மட்டும் வெட்டி எடுத்து பிபிஎல்ல வெச்சுரும், அங்க தான் அந்த இன்வாலிட் பைட் எரர். இங்க பழைய கமாண்டு தான் காப்பாத்தும், ஆனா கமாண்டும் எழுத்தும் சேத்து ஒரே நெளி அடைப்புக்குள்ள இருக்கணும், திறந்த அடைப்புக்கு அடுத்ததா பேக்ஸ்லாஷ் வரணும், அப்ப தான் பிப்டெக் அத ஒரே எழுத்தா எண்ணும், அகர வரிசையும் சரியா வரும்.

தலைப்புல வர்ற அதியமான், தகடூர் எல்லாம் சின்ன எழுத்தா மாறிடுச்சுன்னா பேரு முழுசையும் அடைப்புக்குள்ள வைங்க. பிப்டெக்குக்குப் பதிலா பிப்லேடெக்கும் பைபரும் சேத்து ஓட்டறவங்களுக்கு நேரடி யூடிஎஃப்-8 எழுத்தே தாராளமா போதும்.

தமிழ் வரியே உள்ள வேணும், கொம்பு தப்பான பக்கம் நிக்குது

கெ, கொ மாதிரி எழுத்துல கொம்பு பின்னாடி போயோ, புள்ளி வட்டத்தோடயோ வந்தா ஃபான்ட்ஸ்பெக்ல ஸ்கிரிப்ட் சமக்குறி தமிழ்ங்கற ஆப்ஷன் விட்டுப்போயிருக்கும். லுவாலேடெக்னா கூடவே ரெண்டரர் ஹார்ஃப்பஸ்னும் போடணும்.

பாமினிங்கற பழைய தமிழ் ஃபான்ட்ல டைப் பண்ண ஃபைல் வந்தா தமிழ் வராம இங்கிலீஷ் எழுத்தா தான் தெரியும், எம், கே, அரைப்புள்ளி, கே, எச்னு வந்தா அது அம்மா. என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி ஒண்ணுல போட்டு யூனிகோடுக்கு மாத்திக்கலாம். ஆனா தமிழ் பாராவ மட்டும் வெட்டி மாத்துங்க, முழு சாப்டரையும் போட்டா நடுவுல இருக்கற இங்கிலீஷும் தமிழ் எழுத்தா குழம்பிடும். டேம் (டிஏஎம்) மாதிரி 8 பிட் தமிழ் ஃபான்ட்னா இன்னும் ஜாக்கிரதை, அதுல தமிழ் எழுத்துங்க உக்காந்திருக்கறதே குறி போட்ட ஐரோப்பிய எழுத்தோட இடத்துல தான், அதனால பிரெஞ்சுப் பேரு ஏதாவது இருந்தா அதுவும் தமிழா மாறிடும்.

எல்லாம் சரி பண்ணியும் அதே எரர் திரும்ப வருது

ஓட்டறப்ப தானா உருவாகற ஆக்ஸ், டாக், பிபிஎல் ஃபைல அழிச்சீங்களா? பழைய என்கோடிங்ல எழுதுன சாப்டர் தலைப்பு அதுங்களுக்குள்ள அப்படியே இருக்கும், லேடெக் ஒவ்வொரு தடவையும் முதல்ல அதத்தான் படிக்கும். ஓவர்லீஃப்ல ரீகம்பைல் பக்கத்துல இருக்கற அம்புக்குறில ஃப்ரம் ஸ்க்ராட்ச்னு ஒண்ணு இருக்கு, அது இதத்தான் பண்ணுது. லேப்டாப்ல ஓட்டறவங்க கையால அழிச்சுட்டு ஸீலேடெக் ஒரு தடவ, பைபரோ பிப்டெக்கோ ஒரு தடவ, திரும்ப ஸீலேடெக் ரெண்டு தடவ ஓட்டுங்க, அதுக்கப்புறமும் எரர் நின்னா லாக்ல அது சொல்ற முதல் எரர மட்டும் எடுத்து மேல இருக்கறதுல எதுன்னு பாருங்க, கீழ வர்ற எரருங்க பெரும்பாலும் அதோட வால் தான்.